கட்டில் கம்பிக்கு ஓர் உறை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒன்பது வருடமாகச் சட்டைக்குக் காலர் மட்டுமே தைத்தவள். முழுச் சட்டை ஒன்று அவள் கையில் உருவானதே இல்லை. கேட்டால், "கழுத்துக்குக் கீழ என் பொறுப்பு இல்ல" என்பாள். அப்படிப்பட்ட வாய் கொஞ்ச நாளாக மூடிக் கிடந்தது. காரணம், எட்டு மாதத்து மகன்.

பல் முளைக்கும் நேரம். ஈறு வீங்கி எச்சில் ஒழுக, மண்டியிட்டு முன்னும் பின்னும் ஆடுவான். ஆடி ஆடி நெற்றியைக் கட்டில் கம்பியில் முட்டுவான். டொக், டொக் என்று, கண் பாதி சொருகி, ஏதோ சுகம் கண்டவன் போல. தொழிற்சாலையின் குழந்தைகள் அறையில் அந்தச் சத்தத்துக்கு மற்றப் பிள்ளைகள் விழித்து அழ, ஆயாம்மா முதலில் முணுமுணுத்தாள், பிறகு மேற்பார்வையாளரிடம் போட்டுக் கொடுத்தாள். சத்தம் நிற்காவிட்டால் பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு இடமில்லை என்றால் அவளுக்கு வேலையில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள நாதியில்லை. புருஷன் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் முகம் காட்டுவான்.

டாக்டர் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வலிக்கு இதமாக இருக்குமென்று சில பிள்ளைகள் இப்படி ஆடுவதுண்டு, தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். வேறொருத்திக்கு வயிற்றில் பால் வார்த்திருக்கும். அவளுக்குச் சுருக்கென்றது. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்க, பிள்ளை ஏன் தன்னைத்தானே தேற்றிக்கொள்ள வேண்டும்?

மறுநாள் இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை. வெட்டு மேசைக்கு அடியில் குப்பைக்குப் போகக் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்கி, நாலு மடிப்பாக அடுக்கி, தன் மெஷினிலேயே கம்பிக்கு ஓர் உறை தைத்தாள். காலர் தைத்த கை அல்லவா, முனைகள் அம்சமாக மடிந்து வந்தன. கட்டிலில் கட்டியதும் டொக் நின்றது. பிள்ளை முட்டிக்கொண்டுதான் இருந்தான். சத்தம் மட்டும் இல்லை. அதுதானே அவர்கள் கேட்டது.

மேற்பார்வையாளர் சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை, உறையைக் கவனித்தார். கம்பெனித் துணி, கம்பெனி நூல், கம்பெனி மெஷின் என்று அடுக்கினார். வாசலைத் தாண்டாத குப்பை எப்படித் திருட்டாகும் என்று அவள் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அவ்வளவு பாசம்னா வீட்டுல மடியிலயே வச்சுக்கம்மா" என்று சொல்லி அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். உறை மட்டும் கட்டிலிலேயே இருக்கட்டும் என்றாள் ஆயாம்மா. ஆயாம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

வீட்டில் மேற்பார்வையாளர் சொன்னபடியேதான் செய்தாள். பிள்ளையை மடியில் கிடத்தி, ஈறை விரலால் தடவி, மெல்ல ஆட்டினாள். போன வேலை போகட்டும், இதற்காவது ஆயிற்று என்று மனம் கொஞ்சம் ஆறியது. பிள்ளை சற்று நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு நெளிந்து இறங்கி, தவழ்ந்து போய், சுவரோரம் மண்டியிட்டு ஆடத் தொடங்கினான்.

அவள் பதறிப்போய் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மாதான் வந்துட்டேன்ல தங்கம், இங்க வா."

அவன் அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, சுவரில் முட்டினான்.