லஸ்கர் செத்த மதியம் நாங்கள் இருந்த இடம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். பேனா பிடித்தாலே கை வலிக்கிறது. ஆனால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒன்றில்கூட நான் இல்லை.

எங்கள் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒரு சாயங்காலம் அதற்குக் கீழே பிணமாகக் கிடந்தார். நன்றாக நீந்துவார். தண்ணீரோ இடுப்பளவுதான். பின்மண்டையில் காயம். சட்டை மட்டும் கரையில் மடித்து வைத்திருந்தது. கூட்டத்தில் முதலில் கேட்ட குரல், "அப்ப நாளைக்கு நம்ம முறைக்கு யாரு தெறக்குறது?" குறுவை நெல் பொதி கட்டுகிற நேரம், தண்ணீர் தவறினால் பதர்தான்; அவரவர் கவலை அவரவருக்கு.

தண்ணீருக்காக அவரோடு சண்டை போடாத ஆள் ஊரில் கிடையாது. என் நண்பன் அதற்கு முந்தின நாள்தான் போட்டிருந்தான், டீக்கடை வாசலில், சத்தமாக. எஸ்.ஐ. அவனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்திருந்தது. போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

"மதியம் எங்கடா இருந்தே?"

"வீட்ல தூங்கிட்டு இருந்தேங்க."

பொய். அன்று மதியம் லஸ்கரின் சைக்கிள் ரோந்து வரவில்லை. நல்ல சமயம் என்று அவனும் நானும் அவன் தாய்மாமன் வயல் வரப்பை வெட்டி, தண்ணீரை அவன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தோம். அந்த மாமன் மகளைத்தான் அவனுக்குப் பேசியிருந்தது.

"உண்மையச் சொல்லித் தொலைடா," என்றேன், வெளியே வந்ததும்.

"கொலைன்னா வக்கீல் வச்சுக்கலாம் மாப்ள. மாமா தண்ணியத் திருடுனேன்னு தெரிஞ்சா பொண்ணு போச்சு."

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது, சான்றிதழை மறந்துவிடு என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். கூடப் போயிருந்த நான் வரப்பு வெட்டியதை உளறிவிட்டேன். துணைக்கு வந்த மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"எந்த வரப்பு?" என்றார் மாமா.

"மேலண்டைங்க."

"இவன் சொல்றது நெசமா?" என்று எஸ்.ஐ. அவரைக் கேட்டார்.

"நெசந்தாங்க. நண்டு வளை பறிச்சதுன்னு நெனச்சு நான்தான் அடைச்சேன். நண்டு இவ்வளவு நேரா வெட்டுமான்னு அப்பவே யோசிச்சேன்."

"அது சரி, அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

மாமா துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் பக்கத்து வயல்காரருடைய மடையைத் திறந்துகொண்டிருந்தாராம். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டால், அவர் அடுத்தவர் மடையில். இரண்டு நாளில் ஊரில் பாதிப்பேர் தண்ணீர் திருட்டை ஒப்புக்கொண்டார்கள்.

"ஏன்யா, கொலை பண்ண ஒருத்தனுக்குக்கூட நேரமில்லையா இந்த ஊர்ல?" என்று எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

அதோடு சரி. லஸ்கரின் சம்சாரம் மட்டும் இன்னும் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். "அவருக்குச் சட்டை மடிக்கவே தெரியாதுங்க. அதை யாரு மடிச்சா?" எனக்கு அந்த இடத்தில் கிண்டல் வருவதில்லை.

நண்பன் சிங்கப்பூரில் இருக்கிறான். உன்னைக் காப்பாற்றியது நான்தான் என்று எழுதியிருக்கிறேன், சரிதானே என்று நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

"கொலைகாரனாவே இருந்திருக்கலாம்டா, மாமா இன்னும் என் ஃபோனை எடுக்கல."