சேதுவின் பலகையில் கேட்ட இரைச்சல்

சேதுராமன் போய்விட்டான் என்று விக்கி போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஊரையே கலாய்த்துத் திரிகிற என்னைப் போன்றவனுக்கு இது ஒரு தண்டனை. எந்தச் செய்தி வந்தாலும், யாரோ திருப்பிக் கலாய்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். "விளையாடாதடா" என்றேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அதன் பிறகும் சேதுவின் வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரித்தேன். காலையில் நெஞ்சுவலி, மதியத்துக்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

டெல்லி ஆர்.கே.புரத்துக்காரர்களுக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மத்திய அரசில் கிளார்க். படிய வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி. ஞாயிற்றுக்கிழமை என் மைக் செட் கடை மாடியில் அவன் கிடாரை மாட்டினால் அடுத்த பிளாக் வரை ஜன்னல் அதிரும். ஹெவி மெட்டல் என்னும் இடிமுழக்க ராக் இசை. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற மாமி ஒருத்தர், "மேல என்ன, வெல்டிங்கா?" என்று கேட்டார். "ஆமா மாமி, நம்ம சேதுவைத்தான் வெல்டிங் பண்றோம்" என்றேன்.

எதையும் நம்பமாட்டான். புதுப் பேனாவைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். அவன் பெடல் பலகையை வேறு யாரும் தொடக்கூடாது. பெடல் என்பது கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. மூன்றை வரிசையாகப் பலகையில் பதித்து, வயரால் கோத்திருப்பான். முதலில் ஒலியைக் கரகரவென்று உறுமவைக்கும் டிஸ்டார்ஷன், அடுத்து வீண் இரைச்சலை அடைக்கும் கேட், கடைசியில் எதிரொலி தரும் டிலே.

"டிலேயை முன்னால வெச்சா என்ன?" என்று கேட்டேன்.

"மோர் சாதத்துல சாம்பார் ஊத்துவியா முருகேசா? ஒவ்வொரு எதிரொலியும் டிஸ்டார்ஷன்ல அரைபட்டு எல்லாம் கூழாயிடும்."

"எனக்குக் கூழ் பிடிக்கும்" என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குழுவில் பேஸ் கிடார் வாசிக்க விக்கி வந்தான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன், அதற்குமுன் வேறொரு குழுவில் இருந்தவன். அவன் வந்த வாரமே பலகையிலிருந்து கொசு மாதிரி ஓர் இரைச்சல் ஆரம்பித்தது. கல்லூரி விழாவில் வெளிக்குழுக்களும் மோதும் போட்டியோ நெருங்கிவிட்டது. பழைய குழுதான் விக்கியை அனுப்பி எதையோ நோண்டிவிட்டது என்று சேது முடிவுகட்டினான். பெடல் திருகுகள் நின்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தான். ஒரு கோடும் நகரவில்லை.

"பாத்தியா? அழிச்சுட்டுத் திரும்பவும் போட்டிருக்கான்! எவ்வளவு கெட்டிக்காரன் பாரு!"

ஒரு மதியம் விக்கியிடமே நேராகக் கேட்டுவிட்டான். விக்கியின் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணா, நான் டச்கூட பண்ணல, கசம் சே, சத்தியமா. இவ்வளவு ஷக், இவ்வளவு சந்தேகம் வெச்சுக்கிட்டு எப்படிச் சேந்து வாசிக்கறது? இனிமே வரமாட்டேன்." கிடாரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

"அவன் போயிட்டான். இரைச்சலும் கூடப் போயிருக்கணுமே. எங்க, வாசி" என்றேன்.

வாசித்தான். கொசு அங்கேயே இருந்தது.

சேது எல்லா வயரையும் உருவினான். கிடாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினான், சுத்தம். டிஸ்டார்ஷனைச் சேர்த்தான், சுத்தம். கேட்; சுத்தம். டிலேயைச் சேர்த்ததும் கொசு வந்துவிட்டது.

"டிலே கெட்டுப்போச்சா?"

"இல்ல" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். டிலே அதுவரை பேட்டரியில்தான் ஓடியது. கடையில் தரும் பேட்டரியெல்லாம் டூப்ளிகேட் என்று சந்தேகப்பட்டு, அதையும் மற்ற பெடல்களின் அடாப்டரிலேயே சேர்த்துச் செருகியிருக்கிறான். அந்த வழியாக டிலேயின் முனகல் டிஸ்டார்ஷனுக்குள் ஏறிப் பெரிதாகிவிட்டது. அப்படிச் செருகியது, விக்கி வந்த அதே வாரம்தான். பேட்டரியை மாட்டினான். கொசு செத்தது.

"சரி, நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றேன்.

"அதுக்குள்ள பஸ் வந்துடும்டா!" பலகையைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லோருக்கும் கேட்கும்படி, "விக்கி, கோளாறு என் வயர்ல. மாத்தினது நான். நீ இல்ல" என்றான் சேது. பிறகு பலகையை நீட்டினான். "இந்தா, இதை மாடிக்குத் தூக்கிட்டு வா."

விக்கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம்ணா. கோடு அழிஞ்சா அப்புறம் அதுக்கும் நான்தான்."

சேது பலகையைத் தரையில் வைத்தான். சட்டையின் முனையால் ஒவ்வொரு கோடாகத் துடைத்தான். பஸ் வந்து நின்று, போனது. விக்கி ஏறவில்லை. குனிந்து பலகையைத் தூக்கிக்கொண்டான்.

போட்டியில் நாங்கள் ஜெயிக்கவில்லை. அந்த நடுவர்கள்மேல் சேதுவுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று. கடையில் ஏதாவது கெட்டுப்போனால், புதிதாக வந்தது யார் என்று கேட்கத்தான் வாய் போகிறது. வாயை மூடிக்கொண்டு, நேற்று நான் எதை மாற்றினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த அளவுக்குப் பழகிவிட்டேன். உன்னைப்போல் உடனே பஸ் ஸ்டாப்புக்கு ஓடத்தான் இன்னும் கால் வரமாட்டேன் என்கிறது, சேது.