பூந்தமல்லி கோயிலில் அக்கா பாடிய மாலை

அக்கா ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நைனா அவள் பேரைக்கூட எடுப்பதில்லை. அம்மா இறந்த பிறகு மேனாம்பேட்டு வீட்டில் நானும் அவரும்தான். வயல் வேலையை விட்டுவிட்டு அவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வேலூரிலிருந்து ஒரு பாடகர் குழு, பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் காலத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பாட வருவதாகவும், அதில் அக்கா இருப்பதாகவும் பக்கத்து வீட்டம்மா சொன்னாள். பயந்துகொண்டேதான் நைனாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், சவரம் செய்து, வெளுத்த சட்டையோடு நிற்கிறார்.

"பொட்டப் புள்ள தனியா போவக் கூடாது. தொணைக்கு வரேன், அவ்ளோதான்."

கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்றே தெரியவில்லை. நைனாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது, பெஞ்சும் கூடவே ஆடியது. குழு வந்து நின்றதும் அக்காவைக் கண்டுகொண்டேன். ரொம்ப இளைத்திருந்தாள். நைனா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. அக்காவைப் பார்ப்பேன், உடனே வாசலைப் பார்ப்பேன். பஸ் ஏறிப் போய்விட்டாரோ? அதற்குள் அக்கா மட்டும் முன்னால் வந்து தனியாகப் பாட ஆரம்பித்தாள். தாங்க முடியாமல் எழுந்து ஓடினேன். நைனா பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே, பற்ற வைக்காத பீடியோடு நின்றிருந்தார்.

"பாட்றது அவதானே?"

"ஆமா நைனா. உள்ள வா."

"இங்கயே கேக்குது. நீ போ."

நான் போகவில்லை. பாட்டு முடிந்ததும் உள்ளே ஒரே அமைதி. நைனாவின் முகம் மாறிவிட்டது.

"இன்னா, ஒருத்தனும் கை தட்ல? நல்லா இல்லியாமா?"

"கோயில்ல தட்ட மாட்டாங்க நைனா."

அவர் நம்பவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தார்.

வெளியே வந்த அக்கா எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நைனாதான் கிட்டே போனார்.

"நல்லாத்தான் பாட்ன. ஏன் இப்டி எளச்சிகினு கீற?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். குழுவின் வேன் ஹாரன் அடித்தது.

"ஊட்டுக்கு வந்துட்டுப் போ ஒரு நாளு," என்றார்.

"அவரும் வரலாமா நைனா?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. எனக்கு நைனாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"பின்ன? தனியா வந்தா ஊர்ல இன்னா கேப்பாங்க?"

அடுத்த மாதமே இருவரும் வந்தார்கள். நைனா அன்றைக்கும் ஓரிடத்தில் உட்காரவில்லை. மீன் வாங்கப் போனார், சோடா வாங்கப் போனார், மாப்பிள்ளைக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டு மறுபடி கடைக்கு ஓடினார்.