பின்னால் சுற்றிய மீட்டர்

கானாடுகாத்தானில் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுக்கிற நாகவல்லி, குழந்தைகளுக்கென்று ஒரு நாவல் எழுதினாள். எழுதியதில் தப்பில்லை. அதில் சொந்த அண்ணனையும் தம்பியையும் இழுத்துவிட்டதுதான் வம்பாகப் போயிற்று.

பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊர். வாசல் வாசலாக நின்று 'டோர் லாக்' என்று பதிந்து பதிந்து அலுத்துப்போன ஒரு மத்தியானத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பூட்டிய வீட்டுச் சுவரில் தட்டுச் சுற்றுகிற பழைய மீட்டர். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அந்தத் தட்டைப் பின்பக்கமாகச் சுற்றிவிடுகிறாள். யூனிட் குறையக் குறைய வருஷமும் குறைகிறது! எழுதும்போது நாகவல்லிக்கே புல்லரித்தது. ஆனாலும் சம்பளம் வாங்குகிற இடத்துக்கு விசுவாசம் வேண்டாமா? முதல் பக்கத்திலேயே 'மீட்டரைத் தொடுவது தண்டனைக்குரிய குற்றம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டாள்.

"டைம் மிஷினுக்கு யாரும்மா வார்னிங் போடுவாக?" என்றாள் மகள் சத்தியப்பிரியா. அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான். கதையில் வருகிற பெண்ணுக்கு அவள் ஜாடை, அவள் வாய்.

"உனக்கென்ன, நாளைக்கு எவனாச்சும் மீட்டரைத் திருப்பிவிட்டா என்னையத்தான் கேப்பாக."

மதுரையில் ஒரு பதிப்பகம் புத்தகம் போட ஒத்துக்கொண்டது. மாசக் கடைசிக்குள் கடைசி அத்தியாயம் வேண்டும் என்றார்கள். அதில் அந்தப் பெண் தன்னுடைய காதுகுத்துக்கே திரும்பிப் போகிறாள். அங்கே வந்ததும் நாகவல்லிக்குப் பேனா ஓடவில்லை.

காரணம் இருந்தது. அண்ணன் தண்டாயுதபாணி கொத்தமங்கலத்தில் விவசாயம் பார்க்கிறார். தம்பி சின்னக்கருப்பன் ஆத்தங்குடியில் தரைக்கல் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சத்தியப்பிரியாவுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், மூத்தவருக்குத்தான் உரிமை. வலது காது குத்தும்போது பிள்ளை பெரிய மாமன் மடியில் இருந்தது. இடது காது குத்தும்போது சின்ன மாமன் மடியில் இருந்தது. "கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பிள்ளையப் பிடுங்கிட்டான்!" என்று கத்திவிட்டு எழுந்து போனவர்தான் அண்ணன். அன்றைக்கு அறுந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை.

அதிலிருந்து இந்த வீட்டுக்கு எல்லாமே இரண்டிரண்டாக வந்தது. பொங்கலுக்கு இரண்டு கரும்புக்கட்டு, பிறந்தநாளுக்கு இரண்டு பட்டுப்பாவாடை. தெருவில் அண்ணனின் புல்லட் நின்றால் முனை வரைக்கும் வந்த தம்பியின் வேன் அப்படியே திரும்பிவிடும். பார்க்கிறவர்களுக்குக் கூத்து. நாகவல்லிக்கோ கவலை. பிள்ளை வளர்கிறாள், இன்றோ நாளையோ சடங்கு வைக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பந்தலில் நிற்காவிட்டால், அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்து என்ன பிரயோஜனம்?

நடந்தது அவளுக்குத் தெரியும். வருஷந்தோறும் குலசாமிக்குக் கிடா வெட்டுகிற, மீசையைப் பார்த்தாலே நாய் ஒதுங்கிப் போகிற அண்ணன், மருமகள் காதில் ஒரு பொட்டு ரத்தத்தைக் கண்டதும் தூணில் சாய்ந்தபடியே மயங்கிப்போனார். நழுவிய பிள்ளையைத் தம்பி தாவிப் பிடித்தான். எல்லார் கண்ணும் பிள்ளை காதில் இருந்ததால், அண்ணன் முகத்தைப் பார்த்தது உடன்பிறந்த இரண்டு பேர்தான். மயங்கியது அண்ணனுக்கே தெரியாது, சொல்லி அவரைத் தலைகுனிய வைப்பானேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கதைச் சேதியைச் சத்தியப்பிரியா இரண்டு மாமன்களுக்கும் சொல்லிவிட்டாள். அவள் வாயில் எது தங்கியது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "காதுகுத்து புஸ்தகத்துல வருதாம்ல. உள்ளதை எழுதுத்தா. பிடுங்குனான்னு எழுது."

"என்னண்ணே சொல்றீக? சின்னப்பிள்ளைக படிக்கிற கதை."

"அப்பக் கட்டாயம் எழுதணும். வளர்ற பிள்ளைக தெரிஞ்சுக்கிறணும்ல?"

செவ்வாய்க்கிழமை தம்பி வந்தான். உண்மையை எழுது என்று இவனும் மல்லுக்கு நிற்பான் என்று அவள் தயாராக இருந்தாள். அவன் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, நான் பிடுங்குனேன்னே எழுதிரு."

"ஏன்டா?"

"அண்ணன் மயங்குனது அச்சுல வந்தா, கிடா வெட்டுற எடத்துல அவரை எவன் மதிப்பான்? எனக்கென்ன, பதினோரு வருசமாப் பிடுங்குனவனாவே இருந்து பழகிப்போச்சு."

அவன் போனதும் நாகவல்லி அடுப்படியில் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் அத்தியாயத்தை முடித்தாள். காலம் தாண்டிப் போன பெண்ணே கூட்டத்துக்குள் புகுந்து, பெரிய மாமன் மடியிலிருந்த தன்னைத் தானே தூக்கிச் சின்ன மாமன் மடியில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். இரண்டு மடியும் வேண்டுமாம் அவளுக்கு. பழி யார் மேலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தியப்பிரியா அதைப் பெரிய மாமனுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். தன்னையே தான் திருடியதில் அவளுக்கு ஏகப் பெருமை. அண்ணன் மீசையைத் தடவியபடி கேட்டார். முடிந்தபிறகும் தடவிக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டுத்தானா? நான் மயங்குனது எங்கத்தா?"

நாகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"மயங்குனவனுக்குத் தெரியாதா? முழிச்சதும் மானம் போச்சேன்னு இருந்துச்சு. அவன் சொல்லுறதுக்குள்ள நம்ம கத்திருவோம்னு கத்திட்டேன். இன்னைக்குச் சொல்லிருவான், நாளைக்குச் சொல்லிருவான்னு பதினோரு வருசமாப் பயந்துக்கிட்டே கெடக்கேன். பாவிப்பய, வாயே திறக்கலையே."

"மாமா, ஒரு சொட்டு ரத்தத்துக்கா மயங்குனீக?" என்றாள் சத்தியப்பிரியா.

"கிடா ரத்தமா அது? ஒன் ரத்தம்ல, ஆத்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் திரும்பினார். "மயங்குனேன்னே போடு. மீசை இருந்துச்சுன்னும் போடு. இப்ப அவனுக்குப் போனைப் போட்டு வரச்சொல்லு."

அவள் போனை எடுக்கும்போது அண்ணன் தெருவுக்கு இறங்கினார். புல்லட்டை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்து, கொல்லைப்பக்கம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினார்.

"தெருவுல நின்னா, பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருவான்."