சாய்த்து வைத்த பெட்டி

மினோவாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை எங்கள் சுவா ஏரிக்கரையில் நான் பார்த்ததில்லை. லென்ஸ் தொழிற்சாலையில் நான் மெருகுப் பிரிவு, அவர் வடிவமைப்பு. கண்ணாடி மாட்ட வேண்டாம், எதிரே உட்கார்ந்தாலே போதும், இடக்கண்ணுக்கு ஒன்று வலக்கண்ணுக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டி, ஸ்லைடுப் படம் நிஜம்போல் எழுந்து நிற்கும். அப்படியொரு பெட்டியை நாலு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

விற்பதற்கு என்று நிர்வாகம் நினைத்தது. அவர் செய்தது மனைவி சயோவுக்காக. முதுகு போய் அதே நாலு வருடமாக ஒருக்களித்தே படுத்திருந்தாள். கையில் தம்ளர்கூட நிற்காது. உறைந்த ஏரியில் வெடித்து எழும், சாமி நடந்த தடம் என்று ஊரார் சொல்லும் பனிவரப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஏக்கம்.

அந்தக் குளிர்காலம் வரப்பு எழுந்தது. படமெடுத்தார். திங்களன்று பெட்டி டோக்கியோ கண்காட்சிக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்குத் தூக்கிப் போனார். நானும் ஊறுகாய்க் கீரையோடு போனேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. காலண்டர் படம் மாதிரி," என்றாள் சயோ. அவர் முகம் விழுந்துவிட்டது.

நான் அவள் தலையணையில் தலை வைத்துப் பார்த்தேன். "மினோவா சான், மூளைய ஏரியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா? நாம உக்காந்து பாத்தோம். இவளுக்கு ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ இருக்கு. பெட்டியச் சாய்ங்க!"

சாய்த்தார். சயோ மூச்சை இழுத்தாள்.

"அம்மாடி, எவ்வளவு கிட்டத்துல!" வரப்போரமாகக் கண்ணை ஓடவிட்டு, "நீங்க எங்க?" என்றாள்.

"நான்தானே எடுத்தேன்."

"அப்ப பனியில தனியாவா நிக்கிறேன் நான்?"

மறுநாள் அவரைப் பனிமேல் நிறுத்தி நான் எடுத்தேன். ஒரு படம், கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. ஸ்லைடு கழுவி வர ஆறு நாள்; பெட்டி புறப்பட ஒரே நாள்.

திங்களன்று பிரிவுத் தலைவர் போன் செய்தார். "லென்ஸ் விரிசல் விட்டிருச்சுங்க," என்றார் மினோவா. நான் மெருகிட்ட லென்ஸ் அது, ஒரு கீறல் கிடையாது! கண்காட்சியில் எங்கள் மேசை காலி. திட்டத்தையே மூடிவிட்டார்கள். பெட்டி எந்தக் கடைக்கும் போகவில்லை. வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை.

ஆனால் அந்த ஸ்லைடைப் போட்ட அன்று சயோவுக்காக நான் அங்கே போயிருந்தேன். மினோவா கட்டிலை ஒட்டி நின்றிருந்தார். சயோ அவர் பக்கம் திரும்பவில்லை. தம்ளர் பிடிக்காத அந்தக் கை மெல்ல எழுந்தது. படத்தில் பனிமேல் நின்றவரின் கோட்டுக் கையைப் பிடிக்க, வெறும் காற்றில் விரல்களை மூடினாள்.

"வாங்க, நடக்கலாம்," என்றாள்.