வாசலுக்கு நேரே நின்ற தூண்

பியர்பொன்ட்ஸ் என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டின் முகப்பு வெள்ளைச் சாந்து. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள், இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய மாளிகை மாதிரி. என் கணவர் அதிலேயே மயங்கிப்போனார். துரைமாரின் வீடு என்று யாழ்ப்பாணத்துக்குப் படம் அனுப்பினார்.

வாங்க முன்னர் வீட்டைச் சோதித்தவர் பிரெஞ்சில்தான் கதைத்தார். எங்கள் இருவரில் எனக்குத்தான் அது விளங்கும். இங்கிலாந்தில் அந்தக் காலத்து வீடுகளை மரச் சட்டங்கள்தான் தாங்கும், சுவர் இடைவெளியை அடைக்கிற மண் மட்டுமே என்றார். இந்த வீட்டின் வெளியில் இருப்பதோ ஆணி அடித்த பலகை, வெறும் எடுப்பு. ஆனால் ஹோலில் நிற்கும் தூண் உண்மையானது, மேல்மாடியின் உத்தரத்தைத் தாங்குவது, அதில் கை வைக்கவேண்டாம் என்றார். ஒரு சொல் விடாமல் கணவரிடம் சொன்னேன்.

புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு அத்தான் வந்தார், கணவரின் அண்ணன். சப்பாத்தைக் கழற்ற முன்னமே தூண் கண்ணில் பட்டுவிட்டது. வாசலுக்கு நேரே நிற்கிறதாம், வாஸ்துப்படி வாசற்குத்தாம், இந்த வீட்டில் பிள்ளை தங்காதாம். ஏற்கெனவே இரண்டு தரம் எனக்கு வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது அப்போது நாலு மாதம். அத்தனை சனத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அந்த மனுசனுக்கு நாக்குக் கூசவில்லை.

தூணை எடுத்தால் மாடி இறங்கும் என்றேன்.

"வெளியிலை இருக்கிறதெல்லாம் பொய்ப் பலகை எண்டு நீதானே சொன்னனீ. இது மட்டும் என்ன, தேவலோகத்து மரமோ?" என்றார் கணவர்.

அடுத்த கிழமை எனக்கு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிள்ளை பிறக்கும்வரை படுத்தே கிடக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் தூணைக் காணோம். நான் அங்கே கிடக்க, அண்ணனும் தம்பியும் இங்கே மரம் அரியும் வாளால் அறுத்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

மாரியில் கூரையில் பனி ஏற, மேல் அறைக் கதவு சாத்த மறுத்தது. பிறகு ஹோல் முகட்டில் வெடிப்பு. அதைப் பார்த்தபடி மாதக்கணக்கில் கீழே கிடந்தேன். கடைசியில் திருத்த வந்தவன் தலையில் அடித்துக்கொண்டு, வாசலுக்கு நேரே இரண்டு இரும்புத் தூண்களை முட்டாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

மகள் சுகமாகப் பிறந்தாள். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்த சனத்துக்கு, அந்த இரும்பில் ஒன்றில் சாய்ந்துகொண்டு அத்தான் விளக்கம் சொன்னார். தூணை எடுத்தபடியால்தான் பிள்ளை தங்கியதாம். தையலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

"இப்ப வாசலுக்கு நேரை ரெண்டு நிக்குது, அத்தான்," என்றேன். "இவளை எங்கை ஒளிச்சு வைக்கிறது?"

பிள்ளை பெற்ற உடம்பு, அதுதான் வாய்க்கு வந்ததைக் கதைக்கிறாள் என்று கணவர் சிரித்துச் சமாளித்தார். பாவம் என்று சனம் என்னைப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கி முதலில் அத்தானிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னார் கணவர். வாங்கினேன்.