கொம்பு பார்க்கப் போன கார்வின்

பிக்கப் வண்டியின் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் விளிம்பில் தொலைநோக்கியை மாட்டி, வலது கண்ணை அதில் ஒட்டிவிட்டால் கார்வின் ஹட்செலுக்கு மிச்ச உடம்பு தேவைப்படுவதில்லை. இடது கை மட்டும் தன்பாட்டுக்கு இருக்கையில் துழாவி உப்புக்கண்டப் பொட்டலத்தைத் தேடும். சில சமயம் பக்கத்தில் இருக்கும் மனைவி லூவானின் கைப்பைக்குள்ளும் போகும்.

“அது என்னோட பை” என்பார் லூவான்.

“ம்” என்பார் கார்வின். கோடை முழுவதும் வீட்டாரோடு அவர் பேசுவது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்துதான்.

வயோமிங்கில் காற்றையும் சேஜ் புதரையும் தவிர வேறெதுவும் செழிக்காத ஒரு பகுதியில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். விடுமுறை விட்டதும் பிள்ளைகளைவிட அதிகம் குதூகலிப்பவர் அவர்தான். கவைக்கொம்பு மான் வேட்டை செப்டம்பர் கடைசியில், ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்கான வேவு ஜூனிலேயே தொடங்கிவிடும். எது எந்தக் குட்டையில் தண்ணீர் குடிக்கிறது, எது எங்கே படுக்கிறது, எதன் கொம்பு காதைப்போல் இரண்டு மடங்கு உயரம் என்று அவர் விசாரித்துக்கொண்டே இருப்பார். “என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னால நீ ரெண்டு தடவைகூட ஒழுங்காப் பார்க்கல” என்பது லூவானின் நிரந்தர வழக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அவரும் வண்டியில் ஏறிக்கொள்வார். கணவரைப் பார்க்க வேறு வழியில்லை.

ஊர்க் காப்பிக்கடையில் “எங்கே பார்த்தே?” என்று யார் கேட்டாலும் கார்வின் “தெற்கே” என்பார். உடனே எல்லோரும் வடக்கே போவார்கள். இதைக் கண்டுபிடித்து, ஒரு வருடம் அவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் டெல்பர்ட் ஸ்ப்ரேக், இன்னொரு பேருந்தின் ஓட்டுநர், ஆருயிர் நண்பர். ஆகவே நம்பத்தகாதவர்.

இந்த வருடம் நிலைமை தீவிரம். வேட்டைக்கான அனுமதிச் சீட்டைக் குலுக்கலில்தான் தருவார்கள். பல வருடம் கைவிரித்த குலுக்கல் இந்தமுறை கார்வினைப் பார்த்துச் சிரித்தது. தார்ச்சாலைக்குக் கிழக்கே ஒரே ஒரு கிடா, அதாவது ஆண் மான், சுடலாம். மேற்கே அந்தச் சீட்டு வெறும் காகிதம். அங்கே சுட டெல்பர்ட்டுக்குச் சீட்டு விழுந்திருந்தது. கிழக்கில் நல்ல நிலமெல்லாம் டிரெஸ்ஸா குவில்லன் என்ற பண்ணைக்காரம்மாளுடையது. உள்ளே வர அவர் விதித்த கட்டளைகள் இரண்டு: கேட்டை மூடு, வேலியைத் தொடாதே.

அந்த நிலத்தில்தான் கார்வின் தன் கிடாவைக் கண்டுபிடித்திருந்தார். கொம்பு நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்துவிடும். பேரப்பிள்ளைகளைப் பற்றி அப்படிப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, தொலைநோக்கியிலிருந்து அவர் கண் விலகியது. அதுவே லூவானுக்கு அதிர்ச்சி.

“வேலியில மாட்டிக்கிச்சு” என்றார் கார்வின்.

வண்டியோடு போட்டி போட்டு ஓடக்கூடிய மிருகம். ஆனால் இடுப்பளவு வேலியைத் தாண்டுவது அதன் கௌரவத்துக்கு இழுக்கு. கீழே நுழைந்துதான் போகும். சாலையோர வேலியின் அடிப்பகுதியில் பழைய கம்பிவலை. அதில் கொம்பைக் கொடுத்துவிட்டுக் கிடா துடித்துக்கொண்டிருந்தது.

கார்வின் இருக்கைக்குப் பின்னாலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பேருந்து ஓட்டியே பெருத்த உடம்பு. தொப்பி ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார்.

“இன்னும் ரெண்டு வாரம் அப்படியே இருக்கச் சொல்லு” என்று பின்னாலிருந்து லூவான் குரல் கொடுத்தார். “உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

கார்வின் வேலியருகே மண்டியிட்டார். சட்டையைக் கழற்றிக் கிடாவின் கண்ணை மூடினார். அது சற்று அடங்கியது. கழுத்தின் மேல் வைத்த கையில் அதன் இதயம் இடித்தது. கொம்பின் நீளத்தை விரலால் அளக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அளக்கவில்லை. கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார். நன்றியுள்ள அந்தப் பிராணி அவர் தொடையில் ஓர் உதை விட்டு, வெட்டிய ஓட்டை வழியே பாய்ந்து, தார்ச்சாலையைக் கடந்து மேற்கே மறைந்தது.

லூவான் சட்டையை எடுத்து உதறினார். “அந்தப் பக்கம் போயிடுச்சு.”

“தெரியும்.”

“அது டெல்பர்ட் பக்கம்.”

“தெரியும்மா.”

வேலியை வெட்டிய செய்தியை டிரெஸ்ஸாவிடம் கார்வின் தானே போய்ச் சொன்னார். வராந்தாவில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிரவில்லை.

“சுடப்போற கிடாவைக் காப்பாத்துனியாக்கும்?”

“இன்னும் சீசன் ஆரம்பிக்கல.”

“சட்டம் தெரிஞ்ச ஆளுதான். வேலியைத் தொடாதேன்னு சொன்னது தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப நீயே கட்டு. வெட்டின இடத்தை மட்டும் இல்ல, ரோட்டோரம் முழுக்க. ஆடெல்லாம் எப்பவோ வித்தாச்சு, அந்த வலை வேண்டாம். மாடு வெளிய போகாம இருந்தாச் சரி.”

வேவு பார்க்க வைத்திருந்த கடைசி இரண்டு வாரமும் இப்படி வேலிக்குப் போயிற்று. மேற்கு மேட்டின் மேல் டெல்பர்ட்டின் வண்டி தினமும் நிற்கத் தொடங்கியது. அதன் கண்ணாடி ஓரத்தில் ஒரு தொலைநோக்கி மின்னியது. கார்வின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. துருப்பிடித்த வலையைச் சுருட்டி ஏற்றினார். அடியில் முள்ளில்லாத கம்பியை இழுத்து, முழங்கால் உயரத்தில் கட்டினார்.

“உசரமா இருக்கே?” என்றார் தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லூவான். “உன் கிடா திரும்பி வரவா, இல்ல உன்கிட்டேருந்து தப்பிச்சுப் போகவா?”

கார்வின் குறட்டைக் கீழே வைத்தார். புழுதியில் மெதுவாகக் குப்புறப் படுத்தார். வலது கையை உச்சந்தலைமேல் வைத்து, இரண்டு விரலைக் கொம்புபோல் நிமிர்த்திக்கொண்டு, கம்பி விரலில் படாமல் கிழக்கிலிருந்து மேற்கே ஊர்ந்து போனார். பிறகு அங்கேயே திரும்பி, மேற்கிலிருந்து கிழக்கேயும் ஒரு முறை ஊர்ந்து வந்தார்.